ஏழு கல் தோடும் முப்பத்தைந்து மார்க்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் எழுந்து போனால் இப்போது யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும்.

போன வாரம் 1989 பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் போன் செய்தார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஏழு கல் வைரத்தோடு எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறார். ஒரே டிசைனில் இரண்டு ஜோடி காட்டியிருக்கிறார்கள். எடையும் ஒன்றுதான். இரண்டு காதுக்கும் சேர்த்து 14 கல், மொத்தம் 2 காரட். ஒரு ஜோடியின் சீட்டில் ‘இ-எஃப், வி.வி.எஸ்.’ என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் ‘ஜி-ஹெச், எஸ்.ஐ.’ விலை வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல்.

“சம்பந்தி வீட்டுல என்ன தரம்னு கேப்பாங்க சார். பர்சனல் லோன் போட்டு ஒஸ்தியையே எடுத்துடலாமான்னு பாக்குறேன். நீங்க பிசிக்ஸ் சாராச்சே, சொல்லுங்க” என்றார்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தியா? உன் கண்ணுக்கு எது நல்லாருந்துச்சு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலை சார்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்துக்கு ஒரு லட்ச ரூபாய் எங்கிருந்து வருகிறது? அவருக்குப் போனில் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த எழுத்துகளால் எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெரிய மனக்கசப்பு வந்து, போன பொங்கலுக்குத்தான் தீர்ந்தது. அதையும் சொல்லப் போகிறேன், என் தங்கையின் அனுமதியோடு.

முதலில் பாடம்.

வைரத்துக்கு நான்கு விஷயங்களைப் பார்த்துத் தரம் போடுகிறார்கள்: எடை, நிறம், தெளிவு, பட்டை. ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதில் நூறில் ஒரு பங்கை நம் கடைகளில் சென்ட் என்பார்கள். தங்கத்தில் சொல்லும் 22 காரட், 18 காரட் வேறு. அது தங்கத்தின் சுத்தம், இது கல்லின் எடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நிறத்துக்கு ஆங்கில எழுத்து. ‘டி’ என்றால் நிறமே இல்லாத கல். அங்கிருந்து ‘இசட்’ வரை மஞ்சள் சாயல் கூடிக்கொண்டே போகும். ஏ, பி, சி ஏன் இல்லை? அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ‘ஏ தரம்’, ‘டபுள் ஏ தரம்’ என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த முறையை ‘டி’யில் தொடங்கியது. ஒரு கல்லுக்கு அவர்கள் முதன்முதலாகத் தரச் சான்று எழுதிக் கொடுத்தது 1955-இல்.

தெளிவு என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல் பற்றியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து 11 படிகளில் தரம் போடுவார்கள். வி.வி.எஸ். என்றால் பழகிய கண்ணுக்கே அந்த லென்ஸில் புள்ளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எஸ்.ஐ. என்றால் லென்ஸில் தெரியும், வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. கடைசி மூன்று படிகளில்தான் வெறும் கண்ணிலேயே படும் அளவுக்குக் குறை இருக்கும்.

இது வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் மணி விற்கும் கடைத்தெரு வருகிறது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்துக்கு ஆகாத நான்கு குற்றங்கள் அங்கேயே இருக்கின்றன. ஏகை என்றால் ரேகை, அதாவது கீற்று. விந்து என்றால் புள்ளி. இன்று லென்ஸ் வைத்துத் தேடுவதும் இவற்றைத்தான்.

தரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் ‘முதல் தரம்’ என்று எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்பான். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்த எழுத்து எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கள். நிறத்துக்கும் தெளிவுக்கும் போடும் தரம் கல் எவ்வளவு அபூர்வம் என்பதை அளக்கிறது. எவ்வளவு அழகு என்பதை அல்ல.

வைரம் பூமிக்குள் உருவாகும்போது கார்பனோடு கொஞ்சம் நைட்ரஜன் கலந்துவிடும். மஞ்சள் சாயல் பெரும்பாலும் அதனால்தான். நைட்ரஜனும் புள்ளியும் இல்லாத கல் கிடைப்பது அரிது. அதனால் விலை. ஒரு லட்சம் வித்தியாசத்தின் மூலம் அதுதான். நம் பெண்ணின் காதில் அது கூடுதலாக மின்னும் என்பதற்காக அல்ல.

எடையிலும் இப்படித்தான். வைரத்துக்குக் காரட் கணக்கில்தான் விலை. கல் பெரிதாகப் பெரிதாக அந்தக் காரட் விலையே ஏறும். ஏனென்றால் பெரிய கல் அரிது. ஆகவே 2 காரட் எடையுள்ள ஒற்றைக் கல்லும், 14 சின்னக் கல் சேர்ந்து 2 காரட் ஆவதும் விலையில் மலைக்கும் மடுவுக்கும். “மொத்தம் ரெண்டு காரட்” என்று யாராவது சொன்னால், ஒரு கல் எத்தனை சென்ட் என்று திருப்பிக் கேளுங்கள். நம் மாணவர் பார்த்த தோட்டில் ஒரு கல் சுமார் 14 சென்ட். குறுக்களவு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கல்லுக்குள் லென்ஸில் மட்டும் தெரியும் ஒரு புள்ளியைச் சம்பந்தி வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? சுற்றிலும் மஞ்சள் தங்கம் இருக்கும்போது ‘எஃப்’ எது, ‘ஜி’ எது என்று யார் பிரித்துச் சொல்லப் போகிறார்கள்?

இப்போது முப்பத்தைந்து மார்க்குக்கு வருகிறேன். தலைப்பைப் பார்த்ததுமே சிலர் சிரித்திருப்பீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும்.

33 வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். 34 வாங்கியவனுக்கும் 35 வாங்கியவனுக்கும் படிப்பில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் ஒருவன் பாஸ், ஒருவன் ஃபெயில். கோடு போட்ட இடத்தில் வாழ்க்கை பிரிகிறது. வைரத்திலும் அப்படித்தான். 0.99 காரட் கல்லையும் 1.00 காரட் கல்லையும் கையில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் பேதம் தெரியாது. ஆனால் ஒன்று என்ற கோட்டைத் தாண்டியதும் காரட் விலை தாவும். ‘எஃப்’பின் கடைசியில் இருக்கும் கல்லும் ‘ஜி’யின் தொடக்கத்தில் இருக்கும் கல்லும் அண்ணன் தம்பி மாதிரி. எழுத்து வேறு, விலை வேறு. ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர் திருத்தினால் இரண்டு மார்க் வருவது போல, ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகத்தில் ஒரு படி முன்பின் வருவதும் உண்டு. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் கல்லைத் தேடி எடுப்பவர்தான் கெட்டிக்காரர்.

அப்படியானால் கண்ணுக்கு எதுதான் தெரியும்? நாலாவது விஷயம். பட்டை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாணவன். திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் வீட்டுக்கு வீடு நடந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் பள்ளியிலேயே எத்தனையோ பிள்ளைகளின் விரல் நுனி சக்கரத்தில் தேய்ந்திருக்கும். முழு அக எதிரொளிப்பு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் சுமார் 24½ டிகிரி, அதனால் உள்ளே போன ஒளி எளிதில் தப்ப முடியாது என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “சார், அடிப்பட்டைச் சாய்வு தப்பாப் போச்சுன்னா கல்லு நடுவுல செத்துப் போயிடும் சார். வெளிச்சம் பின்னாடி ஓடிடும்” என்றான். பரீட்சையில் அவன் எடுத்த மார்க்கைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் சொன்னதுதான் உண்மை. பட்டையின் கோணம் சரியாக இருந்தால் ‘ஜி, எஸ்.ஐ.’ கல்லும் ஜொலிக்கும். கோணம் தப்பினால் ‘டி’ கல்லும் கண்ணாடித் துண்டு மாதிரி மங்கும். பட்டை நன்றாக அமைந்த கல்லுக்கும் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதற்குக் கொடுக்கும் விலை, கொடுக்கலாம். ஆனால் நம் ஊரில் கடைக்குப் போகிறவர்கள் நிறத்தைக் கேட்கிறார்கள், தெளிவைக் கேட்கிறார்கள், பட்டையை யாரும் கேட்பதில்லை. தோட்டில் வைக்கும் சின்னக் கல்லுக்குத் தனித்தனியாகச் சான்றும் பெரும்பாலும் இருக்காது. அதற்கு உங்கள் கண்தான் சான்று. கடைக்குள் தலைக்கு மேல் எரியும் விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். நகையை வாசல் பக்கம் எடுத்து வந்து, நிழலான பகல் வெளிச்சத்தில், ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் உயிரோடு இருந்தால் அது நல்ல கல்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1948-இல் எங்கள் அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா ஒரு ஏழு கல் தோடு வாங்கிப் போட்டார். “முதல் தரமான ப்ளூ ஜாகர்” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா 2004-இல் காலமானார். தோடு தங்கைக்கு என்று முன்பே பேச்சு. ஆனால் உடனே வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. “அண்ணி கையிலயே இருக்கட்டும்” என்றாள். எங்கள் லாக்கரில் பன்னிரண்டு வருடம் இருந்தது.

2016-இல் தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போனாள். புது மாடலுக்கு மாற்றலாம் என்று கடையில் கொடுத்திருக்கிறாள். அவர்கள் லென்ஸில் பார்த்து, நீல விளக்கில் காட்டி, “கலர் ஜே-கே தாம்மா, எஸ்.ஐ. தான் வரும், ப்ளூ வேற அடிக்குது” என்று சொல்லி, அவள் நினைத்ததில் பாதிக்கும் கீழே ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள்.

முதல் தரம் என்று அம்மா சொன்ன கல் எப்படி இப்படி ஆகும்? பன்னிரண்டு வருடம் யார் கையில் இருந்தது? அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் சீர் கொடுக்கப் போனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்திருக்கிறது. ஒருநாள், “லாக்கர் சாவிய இனிமே நீங்களே வச்சுக்குங்க” என்று கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. 2021-இல் அவள் போய்ச் சேர்ந்தாள். தங்கை வந்தாள், ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

போன பொங்கலுக்குத்தான் தங்கை மகன் மனசு பொறுக்காமல் சொன்னான். “மாமா, அத்தை கல்லை மாத்திட்டாங்கன்னு அம்மா நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் எழுந்து, பக்கத்து மளிகைக் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் சின்ன புற ஊதா விளக்கை இரவல் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். நல்லவேளை, அவள் தோட்டை விற்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, தோட்டின் மேல் அந்த ஒளியைக் காட்டினேன். பதினான்கு கல்லும் பளீரென்று நீலமாக எரிந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“அம்மா திண்ணையில வெயில்ல உக்காந்தா தோடு எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“நீலம் ஓடும்ணே” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளைகளே, ப்ளூ ஜாகர் என்பதன் பொருளே அதுதான். ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல். அங்கே கிடைத்த கற்களில் நீல ஒளிர்வு அதிகம். அதனால் நீலம் ஓடும் கல்லுக்கே வியாபாரிகள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் இந்தக் கற்கள் நீலமாக ஒளிரும். அந்த நீலம் கல்லின் மஞ்சளை ஈடுகட்டி, பகலில் கல்லை வெள்ளையாகக் காட்டும். மஞ்சளுக்கும் காரணம் நைட்ரஜன், நீலத்துக்கும் காரணம் நைட்ரஜன். எங்கள் தாத்தா கடையில் பார்த்தது இந்த அழகை. அவர் பணம் கொடுத்த காலத்தில் ‘ஜே’ என்ற தர எழுத்தே பிறக்கவில்லை. இன்றோ ஆய்வகத்தில் அளவான விளக்கில் கல்லைக் கவிழ்த்து வைத்து நிறம் பார்க்கிறார்கள். நீல ஒளிர்வைத் தனியாக எழுதுகிறார்கள். உயர்ந்த நிறக் கல்லில் பலமான நீலம் இருந்தால் விலையைக் குறைக்கவும் செய்கிறார்கள். தாத்தா ஏமாறவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவும் இல்லை. நடுவில் அளவுகோல் மாறிவிட்டது.

கல் மாறவில்லை என்பதற்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். வைரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத்தான் ஏதோ ஒரு அளவு ஒளிர்வு இருக்கும். யாரோ வேறு 14 கல்லை வாங்கி மாற்றி வைத்திருந்தால், பதினான்கும் ஒளிர்வதற்கான வாய்ப்பு மூன்றைப் பதினான்கு முறை பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று. அதாவது 47,82,969-இல் ஒன்று. பலமான நீலமாகவே பதினான்கும் அமைவது அதைவிடவும் அரிது. யாரோ தேடித் தேடிப் பொறுக்கினால்தான் அப்படி அமையும். பொறுக்கியது எங்கள் தாத்தா.

எந்தக் குறையைச் சொல்லி விலையைக் குறைத்தார்களோ, அதே நீலம்தான் என் மனைவிக்குச் சாட்சி சொன்னது. கேட்க அவள் இல்லை.

இதிலிருந்து நான் படித்த பாடம்: ஒரு பொருளின் தரச்சீட்டை வைத்து மனிதரின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அண்ணனிடம் கேட்டால் கோபப்படுவான் என்றால் கோபப்படட்டுமே.

மறுபடி விலைக்கு வருகிறேன். எழுத்துதான் விலை என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இப்போது எங்கும் கிடைக்கிறது. அதுவும் கார்பன்தான், அதே கடினம், அதே 2.42. ‘இ, வி.வி.எஸ்.’ அதில் சர்வ சாதாரணம். ஆனால் விலை, சுரங்கக் கல்லில் ஒரு சிறு பங்கு. டி பியர்ஸ் நிறுவனமே 2018-இல் வளர்த்த வைரத்தை விற்கத் தொடங்கியபோது, நிறத்துக்கும் தெளிவுக்கும் தனி விலை வைக்காமல் காரட்டுக்கு 800 டாலர் என்று ஒரே விலை வைத்தது. 2025-இல் ஜி.ஐ.ஏ.வும், வளர்த்த வைரத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்து போடுவதை விட்டுவிட்டு, பொதுவாக இரண்டே தரம் சொல்வதாக அறிவித்தது. நம் திருச்சிப் பிள்ளைகள் தீட்டிய அமெரிக்கன் டைமண்டிலும் புள்ளி கிடையாது, மஞ்சள் கிடையாது. விலை? எழுத்து அதேதான், அபூர்வம் போனதும் விலையும் போய்விட்டது.

“அபூர்வத்துக்குக் கொடுத்தா நாளைக்கு விற்கும்போது திரும்பி வருமே சார்?” என்று சிலர் கேட்பீர்கள். தங்கத்துக்கு தினமும் பலகையில் விலை எழுதுகிறார்கள். வைரத்துக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. 1978 முதல் வியாபாரிகள் பார்க்கும் ராப்பபோர்ட் விலைப்பட்டியல் ஒன்று உண்டு, அது அவர்களுக்குள். நீங்கள் கொடுத்த கடை லாபம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. இவை விற்கும்போது திரும்பாது. கடன் வட்டியும் திரும்பாது. ஆசைக்கு வாங்குங்கள், சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஹால்மார்க்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லின் தரத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. பில்லில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்க எடை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், 2 காரட் கல் என்றால் 0.4 கிராம். திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அந்த மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: “வாசல்ல வச்சுப் பாரு. பொண்ணையும் கூட்டிட்டுப் போ. அவளுக்குப் பிடிச்ச ஜோடிய, கையில இருக்குற காசுக்கு எடு. சம்பந்தி வீட்டுல தரம் கேட்டா ஜி-ஹெச், எஸ்.ஐ.ன்னு தைரியமாச் சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்க கேட்டா என் நம்பரக் குடு.”

நேற்று மெசேஜ் வந்தது. ஜி-ஹெச் ஜோடியையே எடுத்துவிட்டார்களாம். லோன் போடவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து இதுவரை எனக்குப் போன் வரவில்லை.

தங்கை தோட்டை மாற்றவில்லை. அந்தத் தோடு இப்போது அவள் காதில்தான் இருக்கிறது. ஆடி மாதம் என் மனைவியின் திதிக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலையில் முற்றத்து வெயிலில் நின்று கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நீலம் ஓடியது.

நகைத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். எங்காவது தவறாக எழுதியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது மார்க் போடும் முறை உங்களுடையது. முப்பத்தைந்துக்குக் கீழே போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் சார்